இரைச்சலுக்குள் ஒரு குரல்

ஜவ்வாது மலைக்குப் போயிருக்கிறீர்களா? சாமை விளையும் சரிவுகள், பலா மரங்கள், மலைத்தேன் ஆகியவற்றால் பெயர் பெற்ற மலை அது. விஞ்ஞானத்தில் ஆர்வம் உள்ளவர்களுக்கு அதன் பெயரைக் கேட்டதும் வேறொன்றும் நினைவுக்கு வரும். அதுதான் காவலூர் வான் ஆய்வகம். வைணு பாப்புவின் பெயர் தாங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் அங்கே நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. நகர விளக்குகளின் ஒளி எட்டாத இருட்டைத் தேடித்தான் வானியலார் அந்த மலைக்குப் போனார்கள்.

ஒளி அலைகளைக் காண இருட்டு வேண்டும். அப்படியானால் வானொலி அலைகளைக் கேட்க என்ன வேண்டும்? நிசப்தம் வேண்டும். ஆனால் முழு நிசப்தம் என்பது இயற்கையில் எங்குமே இல்லை என்பதுதான் வேடிக்கை! அந்தக் கதையை இம்மாதம் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். அதை எனக்கு நன்றாகப் புரிய வைத்தது ஒரு தோல்வி. அதிலிருந்தே தொடங்குவோம்.

மலை மேல் நடந்தது

எங்கள் கல்லூரி இயற்பியல் மாணவர்களுடன் ஜவ்வாது மலைச் சிற்றூர் ஒன்றில் இரண்டு நாள் முகாமிட்டிருந்தோம். நாங்கள் தங்கிய வீட்டுப் பெரியவரிடம் ஒரு பழைய எப்.எம். வானொலிப் பெட்டி இருந்தது. அவருக்கு ஒரு குறை. தொலைவில் உள்ள ஒரு நிலையத்தின் உழவர் நிகழ்ச்சியை அவர் கேட்க விரும்பினார். குரல் வருகிறது, ஆனால் "உஸ்ஸ்ஸ்" என்ற இரைச்சலில் பாதிச் சொற்கள் முழுகிப் போகின்றன.

"இதுக்கு ஏதாச்சும் வழி இருக்குதா, சார்?" என்று என்னிடம் கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் என் மாணவி ஒருத்தி முந்திக்கொண்டாள். "நான் ஒரு பெருக்கி செஞ்சு கொண்டாந்திருக்கேன், அய்யா. இப்பவே சரி பண்ணிடலாம்" என்றாள். அவள் செய்திருந்தது ஒரே டிரான்சிஸ்டர் கொண்ட சிறு பெட்டி. மிகப் பரந்த அதிர்வெண் வரம்பில் எந்த அலை வந்தாலும் அதன் ஆற்றலை நூறு மடங்காக்கித் தரும். இதையே அகலப்பட்டைப் பெருக்கி என்பர்.

மூங்கில் கழியின் உச்சியில் ஏரியலைக் கட்டினோம். இருபது மீட்டர் கோஆக்சியல் கேபிள் வழியாக அலையைக் கீழே கொண்டுவந்தோம். கேபிளுக்கும் வானொலிக்கும் இடையே பெட்டியை இணைத்தோம். நடந்தது என்ன தெரியுமா? உழவர் நிகழ்ச்சி அடியோடு மறைந்துவிட்டது! அது இருந்த இடத்தில் சமவெளியிலிருந்து வரும் இரண்டு வலிமையான நிலையங்களின் பாட்டும் விளம்பரமும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்டன. முள்ளை எங்கே திருப்பினாலும் அதே கூச்சல்.

"என்னம்மா, ஒரே ஸ்டேஷன் எல்லா எடத்திலும் பாடுது!" என்று பெரியவர் சிரித்துவிட்டார். மாணவியின் முகம் வாடிவிட்டது. நள்ளிரவு வரை பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள், பயனில்லை. மறுநாள் புறப்படும்போது, "அடுத்த மாசம் வந்து கண்டிப்பா சரி பண்ணித் தரேன், அய்யா" என்று வாக்குக் கொடுத்தாள்.

பெருக்கி பழுதானதா? இல்லை. அது தன் வேலையைச் சரியாகவே செய்தது. தவறு, வேலையை அதனிடம் கொடுத்த முறையில் இருந்தது. அதைப் புரிந்துகொள்ள முதலில் இரைச்சலைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது?

ஒரு மின்தடையை மேசைமேல் வையுங்கள். அதனுடன் மின்கலம் எதையும் இணைக்க வேண்டாம். அதன் இரு முனைகளுக்கு இடையே மின்னழுத்தம் இருக்குமா? "இருக்காது" என்பீர்கள். ஆனால் மிக மிக நுட்பமான கருவியால் அளந்தால், ஓயாமல் ஏறி இறங்கும் ஒரு சிறு மின்னழுத்தம் தென்படும். தடைக்குள் இருக்கும் எலெக்ட்ரான்கள் வெப்பத்தால் தாறுமாறாக அலைவதே இதற்குக் காரணம். 1928-இல் ஜான்சன் இதை அளந்து வெளியிட்டார். நைக்விஸ்ட் அதற்கான கொள்கையைத் தந்தார். அவர்கள் கண்ட விதி மிக எளியது:

இரைச்சல் ஆற்றல் = போல்ட்ஸ்மான் மாறிலி × கெல்வின் வெப்பநிலை × பட்டை அகலம்

போல்ட்ஸ்மான் மாறிலியின் மதிப்பு 1.38 × 10⁻²³. அறை வெப்பநிலை 300 கெல்வின் என்றும், ஒரு எப்.எம். நிலையத்துக்கு வேண்டிய பட்டை அகலம் 2 இலட்சம் ஹெர்ட்ஸ் என்றும் கொண்டால், இரைச்சல் சுமார் 8 × 10⁻¹⁶ வாட் ஆகிறது. ஒரு வாட்டைக் கோடி கோடிப் பங்காக்கி, அதில் ஒரு பங்கை மீண்டும் பன்னிரண்டாகக் கூறு போட்டால் கிடைப்பது. இவ்வளவு சிறியதா என்று எண்ணாதீர்கள். தொலைதூரத்து நிலையத்தின் அலையும் ஏரியலில் நுழையும்போது சின்னஞ் சிறியதுதான்.

இந்த விதியால் ஒரு வசதி உண்டு. எந்தக் கருவியின் இரைச்சலையும் ஒரு வெப்பநிலையாகச் சொல்லிவிடலாம். "இந்தப் பெருக்கியின் இரைச்சல் வெப்பநிலை 75 கெல்வின்" என்றால், 75 கெல்வின் வெப்பநிலையில் உள்ள ஒரு மின்தடை எவ்வளவு இரைச்சல் தருமோ அவ்வளவைப் பெருக்கி தன் பங்குக்குச் சேர்க்கிறது என்று பொருள். பெருக்கியைத் தொட்டால் குளிரும் என்று பொருளல்ல! இந்த எண் எவ்வளவு குறைவோ பெருக்கி அவ்வளவு நல்லது. இத்தகையதையே குறை இரைச்சல் பெருக்கி என்கிறோம்.

வானமும் சும்மா இருப்பதில்லை. அமெரிக்காவில் கார்ல் ஜான்ஸ்கி என்ற பொறியாளர் 20.5 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இடியோசைகளை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, காரணம் விளங்காத ஒரு சீறலைக் கேட்டார். அது நமது பால்வழி மண்டலத்திலிருந்து வருகிறது என்று 1933-இல் அறிவித்தார். வானொலி வானியல் பிறந்தது அப்போதுதான். ஒருவருக்கு இரைச்சல், இன்னொருவருக்குச் செய்தி!

வானத்தின் இரைச்சல் எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே அளவாக இல்லை. 100 மெகாஹெர்ட்ஸ் அருகே அது ஆயிரம் கெல்வின் அளவில் இருக்கிறது. 327 மெகாஹெர்ட்ஸில், பால்வழியை விட்டு விலகிய திசைகளில், சில பத்து கெல்வின்களாகக் குறைந்துவிடுகிறது. 1400 மெகாஹெர்ட்ஸில் சில கெல்வின்தான். இந்த மூன்று எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

முதலில் நிற்பவனே முக்கியம்

ஐந்து பேர் வரிசையாக நின்று ஒரு செய்தியைக் காதில் சொல்லி அனுப்பும் விளையாட்டை ஆடியிருப்பீர்கள். முதல் ஆள் தவறாகக் கேட்டுவிட்டால் பின்னால் நிற்பவர்கள் எவ்வளவு கெட்டிக்காரர்களானாலும் பயனில்லை. வானொலி ஏற்பியிலும் அப்படித்தான். பின்னால் வரும் உறுப்பு ஒன்று சேர்க்கும் இரைச்சல், அதற்கு முன்னால் நடந்த பெருக்கத்தால் வகுபட்டுச் சிறுத்துப் போகிறது. 1944-இல் பிரீஸ் என்பவர் இதைச் சூத்திரமாக எழுதினார்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். எங்கள் இருபது மீட்டர் கேபிள், அலையின் ஆற்றலில் பாதியை விழுங்கிவிடுகிறது என்று கொள்வோம். அறை வெப்பநிலையில் உள்ள பொருள் பாதி அலையை விழுங்கினால், அது 300 கெல்வின் இரைச்சலையும் சேர்க்கும். பெருக்கியின் சொந்த இரைச்சல் 75 கெல்வின். பெருக்கம் 100 மடங்கு.

முதல் வகை: கேபிள் முன்னால், பெருக்கி பின்னால். அலை ஏற்கெனவே பாதியாகிவிட்டதால் பெருக்கியின் 75 இரட்டிப்பாகி 150 ஆகக் கணக்கிடப்படும். மொத்தம் 300 + 150 = 450 கெல்வின்.

இரண்டாம் வகை: பெருக்கி ஏரியலின் அடியிலேயே; அதன் பின் கேபிள்; கீழே அதே போன்ற இன்னொரு பெருக்கி. இப்போது முதல் பெருக்கியின் 75 முழுதாக நிற்கும். கேபிளின் 300, நூறால் வகுபட்டு 3 ஆகும். இரண்டாம் பெருக்கியின் 75, ஐம்பதால் வகுபட்டு 1.5 ஆகும். மொத்தம் 79.5 கெல்வின்தான்!

பாருங்கள், அதே கேபிள், அதே பெருக்கி. இடத்தை மட்டும் மாற்றினோம். 450 கெல்வின் 80-க்கும் கீழே வந்துவிட்டது. நாங்கள் செய்த முதல் தவறு இதுதான். பெட்டியைக் கழியின் உச்சியில் வைத்திருக்க வேண்டும், கீழே வைத்துவிட்டோம்.

உதகையின் 1056 பெருக்கிகள்

இந்தப் பாடத்தைப் பெரிய அளவில் காண வேண்டுமானால், ஜவ்வாது மலையிலிருந்து நீலகிரிக்குப் போக வேண்டும். உதகமண்டலம் அருகே முத்தோரையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தின் வானொலித் தொலைநோக்கி இருக்கிறது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் திட்டமிடப்பட்டு 1970-இல் செயல்படத் தொடங்கிய இது, நம் நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்டது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். பரவளைய வடிவில் 24 எஃகுச் சட்டங்கள். அவற்றின்மேல் மெல்லிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் 1100 இழுத்துக் கட்டப்பட்டுள்ளன. அதுவே ஆடி.

அதை ஏன் மலைச்சரிவில் வைத்தார்கள் தெரியுமா? உதகையின் அட்சரேகை சுமார் 11 பாகை. வடக்கு நோக்கி அதே 11 பாகை ஏறும் ஒரு சரிவில் தொலைநோக்கியைப் படுக்க வைத்தால், அதன் நீண்ட அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாகிவிடும். பிறகு அந்த ஒரே அச்சில் மெல்லத் திருப்பினால் போதும். ஒரு விண்மூலத்தை ஒன்பதரை மணி நேரம் தொடர்ந்து பின்பற்றலாம். சந்திரன் ஒரு வானொலி மூலத்தை மறைக்கும் நேரத்தை நுட்பமாக அளந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூலங்களின் கோண அளவை அங்கே கண்டறிந்தார்கள்.

ஆடி குவிக்கும் அலைகளை வாங்கிக்கொள்ளக் குவியக் கோட்டின் நெடுகிலும் 1056 இருமுனை ஏரியல்கள் வரிசையாக இருக்கின்றன. தொடக்கத்தில், பல இருமுனைகளின் அலைகளை ஒன்றுசேர்த்த பிறகே அவை பெருக்கிக்குப் போயின. வழியில் ஏற்படும் இழப்பெல்லாம் இரைச்சலாகிக் கணக்கில் ஏறியது. 1990-களின் தொடக்கத்தில் ஒரு துணிச்சலான மாற்றம் செய்தார்கள். ஒவ்வோர் இருமுனைக்கும் தனித்தனியே ஒரு குறை இரைச்சல் பெருக்கி! ஆக, 1056 இருமுனைகளுக்கு 1056 பெருக்கிகள். மூங்கில் கழியின் உச்சியில் பெட்டியை வைக்கும் அதே தத்துவம்தான். இப்போது மொத்த ஏற்பியின் இரைச்சல் வெப்பநிலை சுமார் 150 கெல்வின்.

இவ்வளவு பாடுபடுவது எதற்காக? வானியலார் ஒரு ஜான்ஸ்கி என்ற அலகைப் பயன்படுத்துகிறார்கள். சதுர மீட்டருக்கு, ஒரு ஹெர்ட்ஸ் பட்டைக்கு, 10⁻²⁶ வாட் என்பதே அது. உதகைத் தொலைநோக்கியின் பரப்பில் பாதி, அதாவது 8000 சதுர மீட்டர், பயன்படுவதாகவும், பட்டை அகலம் 4 மெகாஹெர்ட்ஸ் எனவும் கொள்வோம். இருமுனை ஒரு திசை அதிர்வை மட்டுமே ஏற்பதால் அதிலும் பாதிதான் கிடைக்கும். ஒரு ஜான்ஸ்கி வலிமையுள்ள மூலத்திலிருந்து நாம் பெறுவது 1.6 × 10⁻¹⁶ வாட். 150 கெல்வின் இரைச்சலோ 8.3 × 10⁻¹⁵ வாட். குரலைவிட இரைச்சல் ஐம்பது மடங்கு!

பின் எப்படிக் கேட்கிறார்கள்? இரைச்சல் ஏறி இறங்கும். சராசரி எடுத்தால் அந்த ஏற்றத்தாழ்வு அடங்கும். எத்தனை மாதிரிகளைச் சராசரி எடுக்கிறோமோ, அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் ஏற்றத்தாழ்வு குறையும். 4 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒரு வினாடியில் 40 இலட்சம் மாதிரிகள் கிடைக்கும்; அதன் வர்க்கமூலம் 2000. ஐம்பதில் ஒரு பங்கான குரல், இரண்டாயிரத்தில் ஒரு பங்காக அடங்கிவிட்ட ஏற்றத்தாழ்வுக்கு மேலே தலைகாட்டிவிடும். பட்டையை அகலமாக்கினால் மாதிரிகள் இன்னும் கூடும். வானியலார் அகலப்பட்டை ஏற்பிகளை விரும்புவதன் முதற்காரணம் இதுவே.

பேய் நிலையங்கள்

சரி, எங்கள் மலைக்குத் திரும்புவோம். பெட்டியைக் கீழே வைத்தது ஒரு தவறு. ஆனால் அதனால் இரைச்சல்தான் கூடியிருக்கும். கேட்க வேண்டிய நிலையம் மறைந்து, வேண்டாத நிலையங்கள் எங்கும் தோன்றியது ஏன்?

எப்.எம். அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. சமவெளியைவிட 400 மீட்டர் உயரமான இடத்தில் நின்றால் தொடுவானம் சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். ஆகவே மலைமேல் இருக்கும் ஏரியல் சுற்றுவட்டாரத்துக் கோபுரங்களையெல்லாம் நேருக்கு நேர் பார்க்கிறது. வேண்டிய அலை பலவீனமானது. வேண்டாத அலைகளோ மிக வலிமையானவை.

டிரான்சிஸ்டர், சிறிய அலைகளை உள்ளபடியே பெருக்கும். பெரிய அலை வந்தால் அதன் போக்கு வளைந்துவிடும். கணிதத்தில் சொன்னால், உள்ளே வருவதற்கு நேர் விகிதமான பகுதியுடன் அதன் முப்படிக்கு விகிதமான ஒரு பகுதியும் வெளியே வரும். உங்கள் இயற்கணிதப் பாடம் இங்கே கைகொடுக்கிறது:

(அ + ஆ)³ = அ³ + 3அ²ஆ + 3அஆ² + ஆ³

அ, ஆ என்பவை இரண்டு வலிமையான நிலையங்களின் அலைகள். நடுவில் உள்ள 3அ²ஆ என்ற உறுப்பைப் பாருங்கள். முதல் அதிர்வெண்ணின் இரு மடங்கிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வரும் புதிய அதிர்வெண் ஒன்று அதில் ஒளிந்திருக்கிறது. ஒரு நிலையம் 96 மெகாஹெர்ட்ஸ், மற்றது 92 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 2 × 96 − 92 = 100. அதாவது 100 மெகாஹெர்ட்ஸில், எந்தக் கோபுரமும் அனுப்பாத ஒரு 'நிலையம்' பெட்டிக்குள்ளேயே பிறந்துவிடுகிறது! பெரியவர் விரும்பிய நிலையமும் அங்கே இருந்தால், இந்தப் பேய் அதன்மேல் ஏறி அமர்ந்துகொள்ளும். 2 × 92 − 96 = 88; அங்கேயும் ஒரு பேய். நிலையங்கள் இரண்டுக்கு மேல் இருந்தால் பேய்களின் எண்ணிக்கையை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

சுருதி சேர்த்தல்

பேயை ஓட்ட வழி உண்டா? உண்டு. முப்படியே நமக்கு உதவுகிறது. வேண்டாத இரண்டு அலைகளின் வீச்சையும் பெருக்கிக்குள் நுழையும் முன் பத்தில் ஒன்றாகக் குறைத்தால், பேய் பத்தில் ஒன்றாகவல்ல, ஆயிரத்தில் ஒன்றாகக் குறையும்!

வேண்டிய அலையை விட்டு, வேண்டாததைத் தடுப்பது எப்படி? கம்பிச்சுருளும் மின்தேக்கியும் சேர்ந்த ஒத்திசைவுச் சுற்றே அந்த வாயிற்காவலன். தம்புராவின் தந்தியை முறுக்கிச் சுருதி சேர்ப்பதுபோல, மின்தேக்கியின் மதிப்பை மாற்றி இதற்குச் சுருதி சேர்க்கலாம். சுருளின் மதிப்பு 0.1 மைக்ரோ ஹென்றி ஆனால், 88 மெகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 33 பிக்கோ பாரட் வேண்டும். 108-க்குச் சுமார் 22 போதும். பழைய வானொலிகளில் உள்ள கேங் கண்டென்சர் இதைத் தாராளமாகச் செய்யும். இக்காலக் கருவிகளில் வேரக்டர் என்ற டையோடு அந்த வேலையைச் செய்கிறது. அதற்குத் தரும் பின்னோக்கு மின்னழுத்தத்தைக் கூட்டினால், அதனுள் மின்சுமைகள் நீங்கிய அடுக்கு தடித்து, மின்தேக்கு மதிப்பு குறையும். கையால் திருக வேண்டியதில்லை. மின்னழுத்தத்தாலேயே சுருதி மாறும்.

இத்தகைய சுற்றை 100 மெகாஹெர்ட்ஸுக்கு வைத்து, அதன் பட்டை அகலத்தை 2 மெகாஹெர்ட்ஸ் ஆக்கினால், 96-இல் வரும் அலையின் வீச்சு நான்கில் ஒன்றாகவும், 92-இல் வருவது எட்டில் ஒன்றாகவும் குறையும். பேயோ 4 × 4 × 8, அதாவது நூறு மடங்குக்கு மேல் அடங்கிவிடும். ஒரு சுருள், ஒரு கண்டென்சர், இவ்வளவுதான் செலவு!

ஒரு தடை உண்டு. மின்தேக்கியை நான்கு மடங்கு மாற்றினால்தான் அதிர்வெண் இரண்டு மடங்கு மாறும். பத்து மடங்கு அதிர்வெண்ணை அளாவ வேண்டுமானால் மின்தேக்கி நூறு மடங்கு மாற வேண்டும். எந்த ஒரு வேரக்டராலும் அது எளிதில் ஆகாது. ஆதலால் பரந்த வரம்புள்ள ஏற்பிகளில் பல சுருள்களை வைத்து, வேண்டியதை மட்டும் இணைத்துக்கொள்கிறார்கள்.

வடிகட்டி முன்னா, பெருக்கி முன்னா?

இப்போது ஒரு தர்மசங்கடம் எழுகிறது. பெருக்கிக்கு முன்னால் எது இருந்தாலும் அதன் இழப்பு இரைச்சலாகும் என்று பார்த்தோம். சுருளின் கம்பிக்கும் மின்தடை உண்டு. பட்டையைக் குறுக்கக் குறுக்க அதன் இழப்பு கூடும். வடிகட்டியை முன்னால் வைத்தால் இரைச்சல். பின்னால் வைத்தால் பேய். எதைத் தேர்ந்தெடுப்பது?

விடையை வானத்திடம் கேளுங்கள்! 100 மெகாஹெர்ட்ஸில் வானமே ஆயிரம் கெல்வின் இரைச்சலைத் தருகிறது. அங்கே வடிகட்டி இன்னொரு 300 கெல்வினைச் சேர்த்தால் பெரிய கேடில்லை. திருவிழாக் கூட்டத்தில் இன்னும் இருவர் பேசினால் என்ன? ஆகவே வடிகட்டியைத் துணிந்து முன்னால் வைக்கலாம். 1400 மெகாஹெர்ட்ஸில் வானம் சில கெல்வின்தான். அங்கே 300 கெல்வின் சேர்ப்பது, நூலகத்தில் மேளம் கொட்டுவதற்கு ஒப்பாகும். அங்கே பெருக்கியே முன்னால் நிற்க வேண்டும். அது வலிமையான அலைகளைக் கோணாமல் தாங்கும் திறனும் பெற்றிருக்க வேண்டும். முன்னால் வடிகட்டி வைத்தே தீரவேண்டுமானால் அதன் இழப்பு மிகமிகக் குறைவாக இருக்க வேண்டும்.

மராட்டிய மாநிலத்தில் நாராயண்காவ் அருகே கோடத் என்னும் ஊரைச் சூழ்ந்து, ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்களைக் கொண்ட மாபெரும் மீட்டரலை வானொலித் தொலைநோக்கி இருக்கிறது. இதுவும் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் உருவானதே. முன்பு அது ஒரே நேரத்தில் 32 மெகாஹெர்ட்ஸ் பட்டையையே பார்த்தது. மேம்படுத்திய பின் 400 மெகாஹெர்ட்ஸ் வரை பார்க்கிறது. அதற்காக முழு வரம்பையும் ஒரே பெருக்கியிடம் ஒப்படைத்துவிட்டார்களா? இல்லை. 120 முதல் 250, 250 முதல் 500, 550 முதல் 850, 1050 முதல் 1450 மெகாஹெர்ட்ஸ் என்று நான்கு பட்டைகளாகப் பிரித்துக்கொண்டார்கள். 850-க்கும் 1050-க்கும் இடையே உள்ள வெற்றிடத்தைக் கவனித்தீர்களா? கைபேசிக் கோபுரங்களின் 900 மெகாஹெர்ட்ஸ் பட்டை அமர்ந்திருப்பது அங்கேதான்.

மீண்டும் மலைக்கு

அடுத்த மாதம் என் மாணவி தன் வாக்கைக் காப்பாற்றினாள். பழைய வானொலி ஒன்றிலிருந்து கழற்றிய கேங் கண்டென்சர், கையால் சுற்றிய சுருள், அதன் பின் அதே டிரான்சிஸ்டர் பெருக்கி. பெட்டியை மழைநீர் புகாதபடி மூடி, இம்முறை கழியின் உச்சியிலேயே ஏரியலுடன் கட்டினாள். ஏற்றுவதற்கு முன் கண்டென்சரைத் திருகி, பெரியவரின் நிலையத்துக்குச் சுருதி சேர்த்தாள்.

இரவு வானொலியைத் திறந்தோம். முதலில் மெல்லிய சீறல். அதன்மேல் தெளிவாக ஒரு குரல், விதை நேர்த்தியைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தது. பேய்களைக் காணோம். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. பெட்டியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு நிகழ்ச்சி முடியும்வரை கேட்டார். பிறகு, "அந்த உஸ்ஸுன்னு சத்தம் கொஞ்சம் இன்னும் இருக்குதே, அம்மா?" என்றார்.

"அது இனி நம்ம பெட்டியோட சத்தம் மட்டும் இல்லீங்க, அய்யா. பெரும்பாலும் வானத்தோட சத்தம்" என்றாள் அவள்.

அவள் சொன்னது சரிதானா? கணக்கிடுவோம். வானொலிப் பெட்டியின் சொந்த இரைச்சல் 2500 கெல்வின் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கி இல்லாத பழைய ஏற்பாட்டில், வானம் 1000, கேபிள் 300, வானொலி 5000, மொத்தம் 6300. புதிய ஏற்பாட்டில் வடிகட்டி பாதி அலையை விழுங்குவதாகக் கொண்டாலும், வானம் 1000, வடிகட்டி 300, பெருக்கி 150, கேபிள் 6, வானொலி 100, மொத்தம் 1556. இரைச்சல் நான்கில் ஒரு பங்காகிவிட்டது. எஞ்சியதில் பெரும்பகுதி வானத்துடையதே. இனி எவ்வளவு விலை உயர்ந்த பெருக்கியை வாங்கி வைத்தாலும் பெரிய மாற்றம் வராது. அந்த ஆயிரம் கெல்வின் பால்வழி மண்டலம் நமக்கு அனுப்பும் கடிதம். அதைத்தான் ஜான்ஸ்கி முதன்முதலில் படித்தார்.

மாணவ நண்பர்களே! நல்ல ஏற்பியை அமைப்பவர் எல்லாவற்றையும் பெருக்க நினைப்பதில்லை. எதை உள்ளே விட வேண்டும், எதை வாயிலிலேயே நிறுத்த வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்கிறார். இன்றிரவு உங்கள் வீட்டு எப்.எம். வானொலியில் நிலையம் இல்லாத ஓரிடத்துக்கு முள்ளைத் திருப்புங்கள். சீறல் கேட்கும். ஏரியலை மெல்ல உள்ளே தள்ளுங்கள். பிறகு வெளியே இழுங்கள். சீறல் மாறுகிறதா? நகரமானால் வீட்டுக் கருவிகளின் தொல்லையும் அதில் கலந்திருக்கும். மலைமேல் அது குறைவு. பெட்டியில் பிறந்த சீறல் எது, வெளியிலிருந்து வந்தது எது என்று பிரித்தறிய உங்களால் ஒரு சோதனை அமைக்க முடியுமா? முயன்று பாருங்கள். முதல் முறை தோற்றால் வருந்த வேண்டாம். மூங்கில் கழியின் உச்சிக்கு இரண்டாம் முறை ஏறியபோதுதான் எங்களுக்கும் அந்தக் குரல் கேட்டது.